நான் கூராக்கிய இறக்கை

விமானத்தைக் கையில் எடுத்ததும், வீசுவதற்கு முன், இரண்டு இறக்கைகளின் முன் ஓரத்தையும் கட்டைவிரலால் நுனிவரை தடவிப் பார்க்க வேண்டும். தடவியவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்று அது பறக்காது. அவரிடம் காரணம் கேட்கக் கூடாது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தந்த தாளில் இப்படி ஒரு விதி இருக்கும். போன வாரம் உங்களில் ஒருவர் போனில் என்னிடம் கேட்டார்: "காரணமே கேக்கக் கூடாதுன்னா எப்படி மேடம்? யாரு வேணும்னாலும் வேலைய நிறுத்திடலாமே?" நியாயமான கேள்வி. அந்த விதியை எழுதியது நான். எழுத வேண்டி வந்ததும் என்னால்தான்.

நான் விமானம் படித்தவள் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளிதழில் புகைப்படக்காரியாக இருந்தேன். அதை விட்ட பிறகு, உப்பளங்களை மேலிருந்து படம் எடுத்துத் தரும் இந்தச் சிறு குழுவில் சேர்ந்தேன். எந்த வரப்பு கரைந்திருக்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று மரக்காணத்து உப்பளங்களை நடந்து பார்த்தால் பல நாட்கள் ஆகும். கெட்டித் தெர்மாகோலில் செய்த ஒரு மாதிரி விமானம், வயிற்றில் சிறிய கேமராவோடு, ஒரே காலையில் பார்த்துவிடும். இறக்கை நுனிக்கு நுனி ஓர் ஆள் நீளம். சக்கரம் கிடையாது. கையால் வீசினால் ஏறும், காய்ந்த தரையில் வயிற்றால் சறுக்கி இறங்கும்.

அதைச் செய்தவரும் ஓட்டியவரும் சாதிக் பாய். கூனிமேட்டுக்காரர், அப்போது நாற்பதைத் தாண்டியவர். எங்களிடம் வருவதற்கு முன் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. ஒவ்வொரு முறையும் வீசுவதற்கு முன் இறக்கையின் முன் ஓரத்தை ஈரத்துணியால் துடைப்பார். கடல் காற்றில் உப்பு படிந்து அங்கே சொரசொரப்பாகிவிடும். துடைத்த பிறகு கட்டைவிரலால் ஒரு தடவல். அது அவருடைய பழக்கம், அவ்வளவுதான். அப்போது அது விதி இல்லை.

அந்தச் சித்திரையில் ஒருநாள் இறங்கும்போது விமானம் வரப்பில் முட்டி, இடது இறக்கையின் முன் ஓரம் நசுங்கியது. ஏற்கெனவே பல இடங்களில் டேப் ஒட்டிய இறக்கை. மறுநாளும் அதற்கு மறுநாளும் சாதிக் பாய் விடுப்பு. அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். வேலை நிற்கக் கூடாது என்று பழுது பார்க்க நான் உட்கார்ந்தேன்.

செய்தது இதுதான். பழைய டேப்பை எல்லாம் உரித்தேன். நசுங்கிய இடத்தை நிரப்பினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. முன் ஓரம் ஏன் விரல் போல உருண்டையாக இருக்க வேண்டும்? படகின் முனை கூராகத்தானே இருக்கிறது? கூராக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே. இரண்டு இறக்கைகளையும் உளி முனை போலத் தீட்டி, கூர் மழுங்காமலிருக்க விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு படம்கூட எடுத்து வைத்தேன்.

மறுநாள் நானே ஓட்டினேன். நேர்க்கோட்டில் போனது, திரும்பியது, போனது. வழக்கத்தைவிட வேகம் அதிகம். இறங்கிய பிறகு பேட்டரியில் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் மிச்சம் இருந்தது. ஆள் இல்லாத நீண்ட காய்ந்த பாத்தியில், வேகத்தைக் குறைக்காமல் நேராகக் கொண்டுவந்து இறக்கினேன். எனக்கு அப்படித்தான் இறக்கத் தெரியும். ஒரு கீறல் இல்லை. என் யோசனை சரி என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் சாதிக் பாய் வந்தார். துடைத்தார். கட்டைவிரல் பாதி தூரம் போய் நின்றது.

"இது யாரு மேடம் தேய்ச்சது?"

"நான்தான். எப்படி இருக்குது?"

மறுபடி ஒருமுறை தடவினார். "இப்படியே விடலாமா?"

"நேத்து நல்லாத்தானே பறந்துச்சு, பாய். பேட்டரிகூட மிச்சம்."

அவர் துணியை மடித்து வைத்துவிட்டு விமானத்தை வீசினார். இந்த நான்கு வரிப் பேச்சைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுத்து முடியும்போது காலை எட்டரை. இறங்கும் பாத்தியில் அதற்குள் உப்பு வாரும் பெண்கள் பரவியிருந்தார்கள். மிச்சமிருந்தது இரண்டு வரப்புகளுக்கு நடுவே ஒரு குட்டை இடம். அதில் இறக்க வேண்டும் என்றால் மெதுவாக வர வேண்டும், தாழ வந்து திரும்ப வேண்டும். சாதிக் பாய் அதை நூறு முறை செய்தவர். மோட்டாரைக் குறைத்தார். மூக்கை லேசாகத் தூக்கித் திருப்பினார். நான் வழக்கம்போல இறங்குவதைத் தரையிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வலது இறக்கை திடீரென்று கீழே விழுந்தது. சரிந்தது என்று எழுத மாட்டேன். ஒரு கையை வெட்டிவிட்டதுபோல அந்தப் பக்கம் அப்படியே விழுந்தது, விமானம் ஒரு பாதிச் சுழல் சுழன்று மூக்கால் குத்தியது. அது குத்திய இடத்திலிருந்து நான்கு அடி தள்ளி உப்பு வாரும் பெண்களில் ஒருவரான அஞ்சலை நின்றிருந்தார், தலையில் உப்புக் கூடையோடு. கூடை கீழே விழுந்து உப்பு சிதறியது.

பிறகு எல்லோரும் பேசினார்கள்.

"பாயி செல்லு பாத்துக்கினு இருந்தாரு, நான் பாத்தேன்" என்றார் உப்பளத்து மேஸ்திரி. அது பொய். சாதிக் பாயின் செல்போன் என் பையில் இருந்தது.

"நீ இன்னாத்த பாத்த? நீதான் அந்தாண்ட திரும்பிக்கினு பீடி புடிச்சிக்கினு இருந்த" என்றார் அஞ்சலை. குனிந்து முறிந்த இறக்கையை எடுத்தார். விரலை ஓரத்தில் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, படக்காரம்மா? அருவா கணக்கா இருக்குது! இது எம்மேல விழுந்திருந்தா?"

இறக்கையை வாங்க நான் கையை நீட்டினேன்.

"புதுப் பலகையக்கூட நாங்க செங்கல்லுல தேய்ச்சி மொன்னையாக்கித்தான் பாத்தியில எறக்குவோம்" என்றார் அவர். "கூரா இருந்தா போயி சேத்தக் குத்தும். உப்பு பூரா கருத்துப்பூடும். நீங்க இன்னாடான்னா தெர்மாகோலுக்குப் போயி சாணை புடிச்சி வெச்சிருக்கீங்க."

உப்பு இழுக்கும் பலகை சேற்றைக் குத்துவதும் இறக்கை காற்றை விடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் நான் அழகு என்று படம் எடுத்து வைத்த அந்த ஓரம் ஒருவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் முதன்முறையாக யோசித்தது அப்போதுதான்.

பத்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து எங்கள் முதலாளி கூப்பிட்டார். மேஸ்திரி அதற்குள் சொல்லியிருந்தார். முதலாளி கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "ஒரே கேள்வி மேடம். காத்தா, கையா? காத்துன்னா நாளைக்குக் காலைல மறுபடி பறக்கவிடுங்க. கைன்னா பாய நிறுத்திட்டு வேற ஆள அனுப்புறேன். பொம்பளைங்க நிக்கிற எடத்துல விழுந்திருக்குது, என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது. சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்பிடுங்க."

குழுவில் அறிக்கை எழுதுவது என் வேலை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்: இறங்கும் நேரத்தில் திடீரெனக் கடல் காற்று வீசியதால் விமானம் நிலை தடுமாறி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எழுதியதைப் படித்தேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாதிக் பாயின் வேலை தப்பித்தது. என் உப்புத்தாளைப் பற்றி ஒன்றும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இணைக்க ஒரு படம் வேண்டுமே என்று கேமராவைத் திறந்தேன்.

விமானம் திரும்பத் தொடங்கிய நொடியின் படம் தெளிவாக இருந்தது. பின்னால் வெகு தூரத்தில் பெருமுக்கல் குன்றுகூடத் தெரிந்தது, அவ்வளவு தெளிவான காலை. இடது ஓரத்தில், காற்றின் திசை பார்க்க நாங்கள் எப்போதும் நட்டு வைக்கும் குச்சி. அதில் கட்டிய சிவப்புத் துணி, நனைத்துப் போட்டது போல நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் தொங்கியது. விழுந்த பிறகு எடுத்த படத்திலும் தொங்கியது. அஞ்சலையின் முந்தானை அசையவில்லை.

நாளிதழில் நான் சேர்ந்த புதிதில் ஒரு படத்துக்குக் கீழே "பலத்த காற்றில் கடற்கரை" என்று எழுதிக் கொடுத்தேன். அன்று காற்று அடித்தது உண்மை. ஆனால் படத்தில் ஒரு தென்னங்கீற்றும் அசையவில்லை. அச்சான மறுநாள் வாசகர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். எங்கள் படப் பிரிவுத் தலைவர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "படத்துல இல்லாத காத்த நீ வாயால ஊதாதே" என்றார். திருத்தத்தையும் என்னையே எழுத வைத்தார். இரண்டே வரி. என் வேலையில் எழுத மிகவும் கஷ்டப்பட்ட வரிகள் அவைதான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

காற்று இல்லை என்றால் மிச்சம் கை. முதலாளியின் கேள்வியில் மூன்றாவதற்கு இடமே இல்லை. அந்தக் கையை அதற்குள் ஆறு ஆண்டுகளாகப் பார்த்திருந்தேன், அது இப்படித் தவறாது.

சாதிக் பாய் கடைக்கு வெளியே முறிந்த துண்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"பாய், காத்து இல்ல. படத்துல தெரியுது."

"தெரியும் மேடம்."

"அப்போ என்ன ஆச்சு? கையில எப்படித் தெரிஞ்சுது?"

கையிலிருந்த துண்டைப் பைக்குள் வைத்தார். "எப்பவும் வேகம் கொறையும்போது முன்னாடியே சொல்லும் மேடம். லேசா ஆடும். மூக்கு தானா எறங்கும். நாம சுதாரிச்சிக்கலாம். இது ஒண்ணுமே சொல்லல. இருந்துச்சு, அப்புறம் இல்ல."

"நீங்க என்னைக் கேட்டீங்க. இப்படியே விடலாமான்னு."

"கேட்டேன். ஆனா வீசுனது நான்தானே?" பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "உடுங்க. காத்துன்னே எழுதிடுங்க. முதலாளி என்னைக் கேட்டப்ப என் கையிலதான் விழுந்துச்சுன்னு சொல்லிட்டேன். உங்க பேர இழுக்கல."

"நான் இழுக்கப் போறேன்."

"எதுக்கு மேடம்? நீங்க எவ்ளோ பெரிய பத்திரிகையில எல்லாம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தில் எனக்கு விஷயம் விளங்கியது. காலையில் கட்டைவிரல் பாதியில் நின்றதற்கும், அதன் பிறகும் அவர் வீசியதற்கும் நடுவே இருந்தது இதுதான். நான் மேடம். கேட்டதே அவருக்கு அதிகப்படி. நான் "நேத்து நல்லாத்தானே பறந்துச்சு" என்றதும் அவரால் மேலே ஒன்றும் சொல்ல முடியவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு மறுநாள் காலைவரை நேரம் கேட்டேன். "ஒரு கேள்விக்கு ஒரு நாளா?" என்றார். "ஆமாம்" என்றேன். முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்.

அன்று பிற்பகல் கூனிமேட்டில் அவர் வீட்டு வாசலில் இரண்டு ஜோடி இறக்கைகள் தயார் செய்தோம். ஒரே அச்சு, ஒரே எடை. ஒரு ஜோடியை நான் முன்பு செய்தது போலவே கூராகத் தீட்டினேன். மற்றதை அவர் செய்தார். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து உள்பக்கம் உப்புத்தாள் ஒட்டி வைத்திருப்பார். அதை இறக்கையின் முன் ஓரத்தில் கவிழ்த்து முன்னும் பின்னும் இழுத்தால் ஓரம் ஒரே சீரான உருண்டையாக வரும். அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, "கல்யாண வீட்டுப் பாத்திரமே இன்னும் கழுவல, இங்க ரெண்டு பேரும் தெர்மாகோல இழைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணி. சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத காய்ந்த பாத்தியில், வரப்பின் மேல் நின்று, மோட்டார் போடாமல், மெதுவாக, மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி வீச வேண்டும். ஒரே உடல், இறக்கையை மட்டும் மாற்றி மாற்றி. வீசியது சாதிக் பாய். படம் எடுத்தது நான். வேலைக்கு வந்த பெண்கள் தூர நின்றே பார்த்தார்கள்.

"இன்னைக்கி எங்க விழும்னு முன்னாடியே சொல்லிடுங்க. நாங்க அந்தாண்டப் பக்கமே வரல" என்று அஞ்சலை கத்தினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உருண்டை ஓரம்: மூக்கைத் தூக்கியபடி வேகம் இழந்தது, ஆடியது, தலையை ஆட்டுவது போல மூக்கை இறக்கி, மட்டமாகத் தரையில் உட்கார்ந்தது. கூர் ஓரம்: முதலில் அதைவிட நேராகப் போனது. பிறகு, எந்த அறிகுறியும் இல்லாமல், ஒரு பக்கம் விழுந்தது. மறுபடி வீசினோம். இந்த முறை மறுபக்கம் விழுந்தது. மாற்றி மாற்றி ஏழெட்டு முறை. ஒருமுறைகூட முடிவு மாறவில்லை.

மேஸ்திரி வரப்பில் குந்தியிருந்தார். கடைசி இரண்டு முறையும் வீசுவதற்கு முன்பே எது விழும் என்று அவரே சொன்னார். செல்போன் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

காரணம் இதுதான். மெதுவாகப் பறக்கும்போது இறக்கை மூக்கைத் தூக்கித்தான் பறக்க வேண்டும். அப்போது காற்று கீழிருந்து ஏறி, முன் ஓரத்தைச் சுற்றி மேற்பரப்புக்கு வர வேண்டும். ஓரம் உருண்டையாக இருந்தால் அதைத் தழுவிக்கொண்டு சுற்றி வரும். மூக்கை மேலும் தூக்கினால் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான் சாதிக் பாய் சொன்ன ஆட்டம், எச்சரிக்கை. ஓரம் கத்தி முனையாக இருந்தால் காற்றால் அந்த வளைவில் திரும்ப முடியாது. ஓரத்திலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். இரண்டு இறக்கைகளில் எது முதலில் பிடி விடுகிறதோ அந்தப் பக்கம் விழும். வேகமாக நேரே போகும்போது மூக்கு தூக்க வேண்டியதில்லை, அதனால் தவறு தெரியாது. முதல் நாள் நான் தப்பித்தது அதனால்தான். வேகம் கூடியதற்கும் பேட்டரி மிச்சமானதற்கும் காரணம் கூர்மைகூட இல்லை. பழைய டேப்பின் முண்டு முடிச்சுகள் போனதுதான். சாதிக் பாயின் வழவழப்பான உருண்டை இறக்கையும் அதன்பின் பேட்டரியில் அதே அளவு மிச்சம் வைத்தது.

ஆக, அன்று அவர் செய்தது எல்லாம் சரி. ஆட்கள் இருந்ததால் மெதுவாக வந்தார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கையில்தான் அந்த இறக்கை விழும். என்னைப் போல அரைகுறையாக, வேகமாக வந்து இறக்குபவர் கையில் விழாது.

பழைய அறிக்கையை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: காற்று இல்லை, படம் இணைத்துள்ளேன். ஓட்டியவர் தவறு இல்லை. இறக்கையின் முன் ஓரத்தை நான் கூராகத் தீட்டியதால் விழுந்தது. பறக்கும் முன் சாதிக் பாய் அதைக் கவனித்து என்னிடம் கேட்டார். நான் அவர் கேள்வியைத் தள்ளிவிட்டேன். கடைசி வரிக்குத்தான் நேரம் பிடித்தது.

முதலாளி படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அப்போ யார நிறுத்தணும் மேடம்?"

"என்னைத்தான். படம் எடுக்குறேன், எழுதுறேன். விமானத்துல கை வைக்க மாட்டேன். பாய் ஓட்டட்டும்."

"நீங்களே உங்கள நிறுத்திக்கிறீங்களா?"

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்."

அவர் ஒப்புக்கொண்டார். கையோடு அந்த விதியையும் எழுதி அனுப்பினேன். 'காரணம் கேட்கக் கூடாது' என்ற பகுதியை அடித்துவிடலாமே என்றார். கூடாது என்றேன். சாதிக் பாயிடம் அன்று காலை நான் காரணம் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. காரணம் எங்கள் இருவருக்குமே மறுநாள்தான் தெரிந்தது. அவர் விரலுக்கு மட்டும் முதலிலேயே தெரிந்திருந்தது. வேலையை நிறுத்திவிடுவார்களே என்று கேட்டீர்கள். நான் இருந்த காலத்தில் அப்படிச் சிலமுறை நின்றது. நின்ற நாட்களை நாங்கள் வேறு நாட்களில் ஈடு செய்தோம். அஞ்சலை நின்றிருந்த அந்த நான்கு அடியை ஈடு செய்ய வழியில்லை.

உப்பளத்தில் இது இத்தோடு முடியவில்லை. அடுத்த நாள் விமானம் ஏறியதும் பாத்தியில் இருந்த எல்லாப் பெண்களும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். அது இறங்கும்வரை யாரும் உப்பைத் தொடவில்லை. மேஸ்திரி கத்திப் பார்த்தார். "அது எறங்கட்டும்யா, அப்பால வாரிக்கலாம்" என்றார் அஞ்சலை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த வாரமும். அறிக்கையை முதலாளி ஏற்றுக்கொண்டார், இவர்கள் ஏற்கவில்லை. அவர்களிடம் நான் போய் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்ததை சாதிக் பாய் தினமும் இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வைகாசி கடைசியில் ஒரு காலை. அதே குட்டை இடம், அதே இரண்டு வரப்புகள். அவர் மோட்டாரைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, தாழத் திருப்பினார். விமானம் லேசாக ஆடியது. மூக்கை இறக்கி வந்து உட்கார்ந்தது. நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் விமானத்துக்குப் பின்னால் அஞ்சலை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி வரப்பில் நடந்து போகிறார். திரும்பிப் பார்க்கவில்லை.